ஆர்டிஎக்ஸ் 5090: ரூ.2.14 லட்சத்துக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு தேவையா? சேந்தமங்கலத்தில் இருந்து ஒரு கணக்கு

ரூ.2.14 லட்சம். இந்தப் பணத்தில் இரண்டு ஸ்கூட்டர் எடுத்துவிடலாம். வீட்டில் சொன்னால் முதலில் வரும் பதிலும் அதுதான். ஆனால் பிசி கேமிங் பக்கம் ஆர்வம் உள்ள யாரைக் கேட்டாலும், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 என்ற பெயரைச் சொல்லும்போதே குரல் மாறும். கேம் ஆடுபவர்கள் கடையில் வாங்கக்கூடிய கார்டுகளில் இன்றைக்கு உச்சம் இதுதான்.

ஐடி வேலை, வீட்டில் இருந்தே லாக்-இன், மாதச் சம்பளம், கார்டில் இஎம்ஐ வசதி. நாமக்கல், சேந்தமங்கலம், ராசிபுரம் பக்கம் இருந்தபடி வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு இந்தக் கார்டு இப்போது கைக்கு எட்டாத கனவு இல்லை. இஎம்ஐ போட்டால் வந்துவிடும். அதனால்தான் ஒரு கணம் நின்று கணக்குப் போட வேண்டியிருக்கிறது. யூடியூப் ரிவ்யூக்கள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில், 4கே திரையில் வைத்து எடுக்கப்படுபவை. கொல்லிமலை அடிவாரத்தில் மே மாத வெயிலில், நம்ம ஊர் கரன்டில், நம்மிடம் இருக்கும் மானிட்டரில் இந்தக் கார்டு என்ன தரும்? அதைப் பார்ப்போம்.

முதலில், இது என்ன கார்டு?

2025 ஜனவரி 6 அன்று லாஸ் வேகாஸில் நடந்த சிஇஎஸ் கண்காட்சியையொட்டி, என்விடியாவின் தலைமைச் செயல் அதிகாரி ஜென்சன் ஹுவாங் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையை அறிமுகப்படுத்தினார். 5090, ஜனவரி 30-ல் விற்பனைக்கு வந்தது. அமெரிக்க விலை 1,999 டாலர்.

இந்தியாவுக்கு அறிவித்த தொடக்க விலைகள் இவை: 5090 ரூ.2,14,000. 5080 ரூ.1,07,000. 5070 டிஐ ரூ.80,000. 5070 ரூ.59,000. இவற்றுக்குள் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கம். 5090-ல் வரி மட்டும் சுமார் ரூ.32,600. இது அறிவிப்பு விலைதான் என்பதை மறக்க வேண்டாம். 5090 இந்த விலைக்குக் கடையில் கிடைப்பது அரிது. பல மாடல்கள் இரண்டரை லட்சத்தைத் தாண்டித்தான் விற்கின்றன.

உள்ளே இருப்பது என்ன? 21,760 கூடா கோர்கள், 32 ஜிபி ஜிடிடிஆர்7 மெமரி, 575 வாட் மின்தேவை. இதற்கு அடுத்த 5080-ல் 10,752 கோர்கள், 16 ஜிபி மெமரி, 360 வாட். கோர் எண்ணிக்கையில் 5090 இரண்டு மடங்கு, விலையிலும் இரண்டு மடங்கு. ஆனால் 4கே கேமிங்கில் வேகம் இரண்டு மடங்கு ஆவதில்லை. சராசரியாக சுமார் 50 சதவீதம்தான் கூடுகிறது.

முந்தைய 4090-ஐ விட எவ்வளவு மேல்?

இந்த இடத்தில்தான் கதை சுவாரஸ்யமாகிறது. 4090 வந்தது 2022 அக்டோபரில். விலை 1,599 டாலர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

- கோர்கள்: 16,384-ல் இருந்து 21,760. சுமார் 33 சதவீதம் கூடுதல்.
- மெமரி: 24 ஜிபியில் இருந்து 32 ஜிபி. 33 சதவீதம் கூடுதல்.
- மின்சாரம்: 450 வாட்டில் இருந்து 575 வாட். 28 சதவீதம் கூடுதல்.
- விலை: 1,599 டாலரில் இருந்து 1,999 டாலர். 25 சதவீதம் கூடுதல்.
- 4கே வேகம்: கேமைப் பொறுத்து 25 முதல் 35 சதவீதம் வரை கூடுதல்.

அதாவது, கால் பங்கு விலை கூடியது, கால் பங்குக்கு மேல் கரன்ட் கூடியது, ஏறக்குறைய அதே அளவு வேகமும் கூடியது. முன்பெல்லாம் புதிய தலைமுறை கார்டு என்றால் அதே காசுக்கு அதிக வேகம் என்று அர்த்தம். இந்த முறை அதிக காசு கொடுத்தால் அதிக வேகம், அவ்வளவுதான்.

காரணம் என்ன? 4090, 5090 இரண்டுமே தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் ஏறக்குறைய ஒரே வகை 4என் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்ட சிப்புகள். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும் அடுத்த கட்டத்துக்கு என்விடியா போகவில்லை. அதற்குப் பதிலாகச் சிப்பையே பெரிதாக்கியது. 609 சதுர மில்லிமீட்டராக இருந்தது 750 ஆனது. பெரிய சிப்பு என்றால் செலவும் அதிகம், சூடும் அதிகம்.

'நான்கு மடங்கு எஃப்பிஎஸ்' என்கிறார்களே?

அதுவும் பொய் இல்லை. ஆனால் எந்த எஃப்பிஎஸ் என்று கேட்க வேண்டும்.

இந்த வரிசையுடன் வந்த டிஎல்எஸ்எஸ் 4-ல் 'மல்டி ஃபிரேம் ஜெனரேஷன்' என்று ஒரு வசதி உண்டு. கார்டு ஒரு ஃபிரேமை உண்மையாகக் கணக்கிட்டு வரையும். அடுத்த மூன்று ஃபிரேம்கள் வரை ஏஐ ஊகித்து நிரப்பும். வரையும் ஃபிரேமும்கூடக் குறைந்த ரெசல்யூஷனில் வரையப்பட்டு, ஏஐ மூலம் பெரிதாக்கப்படும். இரண்டையும் சேர்த்தால், திரையில் தெரியும் 16 பிக்சலில் 15 ஏஐ போட்டவை என்று என்விடியாவே சொல்கிறது.

'சைபர்பங்க் 2077' கேமை 4கேயில், எல்லா ஒளி அமைப்புகளையும் முழுசாக வைத்து ஓட்டினால், எந்த உதவியும் இல்லாமல் 5090 தருவது 30 எஃப்பிஎஸ்ஸுக்கும் கீழே. டிஎல்எஸ்எஸ் 4 போட்டால் 240-ஐத் தொடுகிறது. பார்க்கக் கண்ணுக்கு வெண்ணெய் மாதிரி ஓடும். ஆனால் ஏஐ நிரப்பும் ஃபிரேம்களுக்கு நீங்கள் மவுஸை அழுத்தியது தெரியாது. அது தெரிவது உண்மையாக வரைந்த ஃபிரேமில் மட்டும். ஆகவே கதை சொல்லும், நிதானமாக ஆடும் கேம்களுக்கு இது நல்ல வசதி. 'வேலரன்ட்', 'கவுன்டர் ஸ்ட்ரைக் 2' மாதிரி கண் இமைப்பதற்குள் சுட வேண்டிய கேம்களுக்கு இதனால் பெரிய லாபம் இல்லை.

மேடையில் ஹுவாங், 549 டாலர் 5070 கார்டு 4090-க்கு இணையான செயல்திறன் தரும் என்றார். அதுவும் இந்த ஏஐ ஃபிரேம்களைச் சேர்த்துப் போட்ட கணக்கு. சாதாரணமாக ஓட்டிப் பார்த்தால் 4090 நன்றாகவே முன்னால் நிற்கிறது.

உங்கள் மானிட்டர் எது?

கார்டு வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். பலர் கடைசியாகக் கேட்கிறார்கள்.

1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 1440பி திரையில் 36.9 லட்சம். 4கே திரையில் 82.9 லட்சம், அதாவது 1080பியின் நான்கு மடங்கு. 5090-ன் பலம் இந்த 82.9 லட்சத்தை நிரப்புவதில்தான் தெரியும். 1080பியில் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். அதன் பிறகு கார்டு பிராசஸருக்காகக் காத்துக்கொண்டிருக்கும். இரண்டு லட்சம் கொடுத்தவரும் எண்பதாயிரம் கொடுத்தவரும் கிட்டத்தட்ட ஒரே எஃப்பிஎஸ் பார்ப்பார்கள்.

ஸ்டீம் தளம் நடத்தும் கணக்கெடுப்பில், உலகம் முழுக்கப் பாதிக்கும் மேற்பட்ட பயனர்கள் இன்னும் 1080பி திரையில்தான் ஆடுகிறார்கள். நீங்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தால், 20 ஆயிரம் ரூபாய்ச் சுற்றில் ஒரு நல்ல 27 இன்ச் 1440பி மானிட்டர் வாங்குவது கண்ணுக்குத் தரும் மாற்றம், கார்டை மாற்றுவதைவிடப் பெரிதாக இருக்கும்.

விலை ஏன் இறங்கவில்லை?

எந்த எலெக்ட்ரானிக் பொருளும் ஒரு வருஷம் பொறுத்தால் விலை இறங்கும் என்பது நமது அனுபவம். இங்கே அது நடக்கவில்லை. காரணம், இந்தக் கார்டை வாங்கப் போட்டி போடுபவர் பக்கத்துத் தெரு கேமர் இல்லை. ஏஐ நிறுவனங்கள்.

என்விடியாவின் கணக்கையே பாருங்கள். 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் மொத்த வருவாய் 13,050 கோடி டாலர். அதில் டேட்டா சென்டர் பிரிவு 11,520 கோடி. கேமிங் சுமார் 1,135 கோடி. 2025 அக்டோபரில் முடிந்த காலாண்டில் இடைவெளி இன்னும் விரிந்தது. மொத்தம் 5,700 கோடி டாலரில் கேமிங் சுமார் 430 கோடி. ஒரு காலத்தில் கேமர்கள் காசில் வளர்ந்த நிறுவனத்துக்கு, இன்றைக்கு நூறு ரூபாய் வருமானத்தில் கேமர்கள் தருவது எட்டு ரூபாய் கூட இல்லை.

அதே டிஎஸ்எம்சி ஆலையில் செய்யும் சிப்பை டேட்டா சென்டருக்கு விற்றால் லாபம் பல மடங்கு. 5090-ல் உள்ள 32 ஜிபி மெமரியும் கேமைவிட ஏஐ மாடல்களை வீட்டு கம்ப்யூட்டரில் ஓட்டத்தான் அதிகம் பயன்படுகிறது. அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாடு காரணமாகச் சீனாவுக்கு ஏஐ திறன் குறைத்த '5090 டி' என்ற தனி மாடலையே செய்ய வேண்டி வந்தது. கேம் ஆடும் பெட்டிக்கு ஏன் ராஜதந்திரக் கட்டுப்பாடு என்று யோசித்தால் விஷயம் விளங்கும்.

போட்டியும் இல்லை. ஏஎம்டி இந்தத் தலைமுறையில் உச்சப் பிரிவில் இறங்கவே இல்லை. 2025 மார்ச்சில் வந்த அதன் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி, 599 டாலர் விலையில் நடுத்தரப் பிரிவுக்கானது.

2025 கடைசியில் மெமரி தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. ஏஐ சர்வர்களுக்கே மெமரி சிப்புகள் போவதால் சாதாரண ரேம் விலை எகிறியது. மைக்ரான் நிறுவனம், வாடிக்கையாளர்களுக்கு நேரடியாக விற்றுவந்த 'க்ரூஷியல்' பிராண்டை மூடுவதாக டிசம்பரில் அறிவித்தது. கேமர்கள் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வெளிப்படையான அடையாளம் வேண்டியதில்லை.

சேசிஸ் விலை வேறு, பாடி விலை வேறு

நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. லாரி வாங்குபவர் கம்பெனிக்குச் சேசிஸுக்குப் பணம் கட்டுவார். பாடி கட்ட தனிச் செலவு. அப்புறம் டயர், இன்சூரன்ஸ், பர்மிட். கிராபிக்ஸ் கார்டும் அப்படித்தான். 2.14 லட்சம் சேசிஸ் விலை.

5090-க்கு என்விடியா பரிந்துரைப்பது குறைந்தது 1,000 வாட் எஸ்எம்பிஎஸ். பழைய 650 வாட் போதாது. கார்டு நீளமும் தடிமனும் அதிகம் என்பதால் கேபினெட் மாற்ற வேண்டி வரலாம். பழைய பிராசஸர் இருந்தால் அதுவும் பின்னால் இழுக்கும். 4கே மானிட்டர் தனி. எல்லாம் சேர்த்தால் நான்கு லட்சத்தைத் தொடுவது சாதாரணம்.

யுபிஎஸ்ஸையும் மறக்கக்கூடாது. வழக்கமாக வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட். கார்டு மட்டுமே அதைத் தாண்டிவிடும். கேம் நடுவில் கரன்ட் போனால் யுபிஎஸ்ஸும் சேர்ந்தே அணையும். வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருவில் இருப்பவர்கள் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இவ்வளவு விலையுள்ள பொருளை மாட்ட வேண்டும்.

கார்டை மட்டும் இஎம்ஐயில் போட்டால்? 15 சதவீத வட்டி, 24 மாதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் ரூ.10,400. கட்டி முடிக்கும்போது 2.14 லட்சம், கிட்டத்தட்ட 2.49 லட்சம் ஆகியிருக்கும்.

கரன்ட் பில்லில் ஒரு பள்ளம்

5090 போட்ட கம்ப்யூட்டர் முழு வேகத்தில் ஓடும்போது மொத்தமாக 700 வாட் இழுக்கிறது என்று வைப்போம். தினமும் 4 மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 240 மணி நேரம். 168 யூனிட். நடுத்தரக் கார்டு போட்ட 400 வாட் கம்ப்யூட்டர் என்றால் 96 யூனிட்.

வித்தியாசம் 72 யூனிட்தானே என்று விட்டுவிட முடியாது. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் அடுக்கு முறை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்கு மேல் வரும் யூனிட் ஒவ்வொன்றுக்கும் 8 ரூபாய்க்கு மேல். அதோடு, 500-க்குள் இருப்பவர்களுக்குக் கீழ் அடுக்குகளில் கிடைக்கும் மானியத்தில் ஒரு பகுதியும் போய்விடும். ஏற்கெனவே 380 யூனிட் ஓடும் வீட்டில், 400 வாட் கம்ப்யூட்டர் வந்தால் 476. கோட்டுக்கு இந்தப் பக்கம். 5090 வந்தால் 548. கோட்டுக்கு அந்தப் பக்கம். ஒரே வீடு, ஒரே கேம், ஆனால் பில் குதிக்கும்.

இதைச் சமாளிக்க ஒரு வழி உண்டு. மென்பொருளில் கார்டின் மின் வரம்பை 80 சதவீதத்துக்குக் குறைத்தால் 575 வாட், 460 ஆகும். வேகம் குறைவது சில சதவீதம்தான். மானிட்டரின் திறனுக்கு மேல் எஃப்பிஎஸ் போகாமல் வரம்பு வைப்பதும் கரன்டை மிச்சப்படுத்தும்.

ஏசி இல்லாத அறையில்?

கார்டு இழுக்கும் வாட் முழுக்கக் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். 700 வாட் என்பது ஒரு சின்ன ரூம் ஹீட்டர். ரிவ்யூக்களில் 5090 சுமார் 75 டிகிரியில் ஓடுவதாகக் காட்டுவது, 21, 22 டிகிரி அறையில். அறை 36 டிகிரி என்றால் கார்டின் சூடும் ஏறக்குறைய அதே அளவு மேலே போகும். 5090-க்கு என்விடியா வைத்திருக்கும் உச்ச வெப்ப வரம்பு 90 டிகிரி. கோடையில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில், காசு கொடுத்து வாங்கிய வேகத்தைக் கார்டு தானாகவே குறைத்துக்கொள்ளும் நிலை வரலாம். விசிறிச் சத்தம் தனி.

ஏசி போட்டால்? ஒரு டன் ஏசி வெளியேற்றும் வெப்பம் சுமார் 3,500 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கை இந்தக் கம்ப்யூட்டருக்கே ஒதுக்க வேண்டும். அந்தக் கரன்டும் மேலே சொன்ன பில்லில்தான் சேரும்.

கனெக்டர், வாரண்டி: இரண்டு எச்சரிக்கை

5090-க்கு மின்சாரம் போவது 600 வாட் வரை அனுமதிக்கப்பட்ட ஒரே ஒரு சின்ன கனெக்டர் வழியாக. 575 வாட்டை 12 வோல்ட்டில் அனுப்ப சுமார் 48 ஆம்பியர் ஓட வேண்டும். 2022-ல் 4090-ல் கனெக்டர் உருகிய புகார்கள் வந்தன. 2025 பிப்ரவரியில் 5090-லும் வந்தன. கேபிளை முழுசாக அழுத்திச் செருக வேண்டும். கனெக்டருக்குப் பக்கத்திலேயே வளைக்கக்கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸுடன் வந்த கேபிளைத் தவிர வேறு மலிவு கேபிள் வேண்டாம்.

இன்னொன்று. 5090 உள்பட சில கார்டுகள், உள்ளே இருக்க வேண்டிய கணக்கீட்டு அலகுகளில் சில குறைவாகவே ஆலையில் இருந்து வெளிவந்தன. 2025 பிப்ரவரியில் என்விடியா இதை ஒப்புக்கொண்டது. சுமார் 0.5 சதவீதக் கார்டுகளில் இந்தக் குறை என்றது. 'ஜிபியு-இசட்' என்ற இலவச மென்பொருளில் 5090-ன் ஆர்ஓபி எண்ணிக்கை 176 என்று காட்ட வேண்டும். 168 என்று காட்டினால் மாற்றித் தரக் கேட்கலாம்.

அந்த மாற்றம் எங்கே நடக்கும் என்பதை வாங்கும்போதே கேளுங்கள். சேலத்தில் வாங்கினாலும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும், ஆன்லைனில் வாங்கினாலும், சர்வீஸ் சென்டர் எந்த ஊரில், கொரியர் செலவு யாருடையது, ஜிஎஸ்டி பில் தருவார்களா என்பது முக்கியம். துபாயில் இருந்து உறவினர் கொண்டுவந்தால் விலை குறையலாம். ஆனால் அந்த வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று அந்த பிராண்டிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

அப்ப, யார் வாங்கலாம்?

1080பியில் போட்டிக் கேம்கள் ஆடுபவர்: 5090 மட்டுமல்ல, 5080 கூடத் தேவையில்லை. மானிட்டரில் தொடங்குங்கள்.

1440பியில் பெரிய கேம்கள் ஆடுபவர்: 5070 டிஐ அல்லது 9070 எக்ஸ்டி போதும். இரண்டிலும் 16 ஜிபி மெமரி உண்டு.

4கே மானிட்டர் ஏற்கெனவே வைத்திருப்பவர்: 5080 போதும். பாதி விலை, 215 வாட் குறைவு.

3டி அனிமேஷன், வீடியோ எடிட்டிங், ஏஐ மாடல் வேலை செய்து சம்பாதிப்பவர்: இவருக்குத்தான் 5090. 32 ஜிபி மெமரி இவருக்கு நேரத்தை மிச்சப்படுத்தும், நேரம் இவருக்குக் காசு. ஜிஎஸ்டி பதிவு இருந்து, தொழிலுக்காகத்தான் வாங்குகிறார் என்றால் வரியை இன்புட் கிரெடிட்டாக எடுக்கவும் வழி உண்டு. இரவில் அதே கார்டில் கேம் ஆடுவது போனஸ்.

'ஜிடிஏ 6 வருது, அதுக்காக இப்பவே வாங்கி வெச்சுக்கலாம்' என்று நினைப்பவருக்கு ஒரு தகவல். ராக்ஸ்டார் 2026 நவம்பர் 19 என்று தேதி சொல்லியிருப்பது பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்கு. பிசிக்குத் தேதியே அறிவிக்கவில்லை. வராத கேமுக்காக இன்றைய உச்ச விலையைக் கொடுக்க வேண்டாம்.

5090 மோசமான கார்டு இல்லை. அதன் விலையை நிர்ணயிப்பது டேட்டா சென்டர் சந்தை, நம் பொழுதுபோக்கு அல்ல. அந்தச் சந்தையில் சம்பாதிப்பவர் அந்த விலையைக் கொடுக்கலாம். வேலை முடித்துவிட்டு இரவு இரண்டு மணி நேரம் கேம் ஆடுபவருக்கு, அதில் பாதிக்கும் குறைவான காசில் நல்ல மானிட்டரும் நல்ல கார்டும் சேர்ந்தே வந்துவிடும். மிச்சப் பணம், அடுத்த தலைமுறை வரும்வரை வங்கியிலேயே இருக்கட்டும்.